இசையின் மேடும் பள்ளமும்: நல்ல டைனமிக் ரேஞ்ச் உள்ள ஒலிப்பதிவைத் தேடுவது எப்படி?

பல ஆண்டுகள் ஒலிநாடாவில் கேட்டுக் கேட்டுத் தேய்ந்துபோன ஒரு வீணைக் கச்சேரி என்னிடம் இருந்தது. அதன் புதிய சிடி கடையில் கிடைத்தபோது, டிஜிட்டல் முறையில் புதுப்பிக்கப்பட்டது என்று உறையில் அச்சிட்டிருந்ததைப் பார்த்து மகிழ்ச்சியோடு வாங்கி வந்தேன். ஒலிநாடாவின் இரைச்சல் அதில் இல்லை. ஆனால் ஆலாபனையில் ஒரு சுரத்தை மீட்டி, அது மெல்லத் தேய்ந்து மறையும் இடத்தில் ஏதோ தவறாக இருந்தது. வீணையின் ஒலி இறங்க இறங்க, பின்னால் இருந்த தம்புரா மேலெழுந்து வந்தது. அடுத்த மீட்டு விழுந்ததும் தம்புரா சட்டென்று பின்வாங்கியது. யாரோ ஒருவர் வால்யூம் குமிழைப் பிடித்துக்கொண்டு நொடிக்கொரு முறை ஏற்றி இறக்குவது போல இருந்தது. உண்மையில் நடந்ததும் அதுதான். அந்த வேலையை மனிதர் செய்யவில்லை, ஒரு கருவி செய்திருந்தது.

அந்தக் கருவி அழித்ததைத்தான் ஒலிப்பதிவுத் துறையில் டைனமிக் ரேஞ்ச் என்கிறார்கள். ஒரு பதிவில் உள்ள மிக மெல்லிய ஒலிக்கும் மிக உரத்த ஒலிக்கும் இடையே உள்ள தூரம் அது. ஒலியின் ஏற்ற இறக்க வீச்சு என்று சொல்லலாம். இந்த வீச்சு இரண்டு அளவுகளில் இருக்கிறது. ஒன்று, நீண்ட பயணம்: தனி ஆவர்த்தனத்தின் தொடக்கத்தில் மிருதங்கத்தின் இடப்பக்கத்தை வருடி எழுப்பும் கும்கிக்கும், முடிவில் அரங்கை அதிர வைக்கும் கோர்வைக்கும் இடையே உள்ளது. மற்றொன்று ஒரு நொடிக்குள் நடப்பது: தோலில் விரல் பட்ட கணத்தில் எழும் கூர்மைக்கும், அடுத்த கணம் எஞ்சும் நாதத்துக்கும் இடையே உள்ளது. முதலாவது கெட்டால் இசை சலிப்பூட்டுகிறது. இரண்டாவது கெட்டால் கருவிகள் உயிரற்றுப் போகின்றன. மிருதங்கம் அட்டைப்பெட்டியைத் தட்டுவது போலக் கேட்கிறது.

ஒலியின் அளவை டெசிபலில் சொல்கிறோம். சுமார் 10 டெசிபல் கூடினால், ஒலி இரண்டு மடங்கு உரத்துவிட்டதாக நம் காதுக்குத் தோன்றும். மின்விசிறி ஓடும் அறையில், யாரும் பேசாதபோதும் 40 டெசிபல் அளவுக்கு ஒலி இருக்கக்கூடும். வீட்டில் பாட்டை நன்றாக உரக்க வைத்தால் அதன் உச்சங்கள் 90 டெசிபலைத் தொடலாம். ஆக, நமக்குப் பயன்படும் வீச்சு 50 டெசிபல் அளவுதான். சிடி ஒவ்வொரு கணத்தின் ஒலியையும் 16 பிட்டில், அதாவது 16 இரும இலக்கங்களில் எழுதுகிறது; அது சுமார் 96 டெசிபல் வீச்சைத் தாங்கும். ஒரு பிட்டுக்கு ஏறத்தாழ 6 டெசிபல் என்பது கணக்கு. நல்ல இசைத்தட்டு 60 அல்லது 70 டெசிபல் வரை தரும். சாதாரண ஒலிநாடா அதற்கும் கீழே. 1982 அக்டோபரில் ஜப்பானில் சிடி விற்பனைக்கு வந்தபோதே, வீட்டில் கேட்கத் தேவையானதைவிட அதிக இடம் இசைக்குக் கிடைத்துவிட்டது.

அப்படியானால் சிடி வந்தபின் இசைப்பதிவுகளில் ஏற்ற இறக்கம் பெருகியிருக்க வேண்டும். நடந்தது நேர்மாறானது.

டிஜிட்டல் ஒலிக்கு ஒரு கூரை உண்டு. அந்தக் கூரைக்கு மேல் எந்த ஒலியும் போக முடியாது. போனால் அலையின் தலை வெட்டுப்படும். மிருதங்கத்தின் ஒரு கூர்மையான அடி கூரையைத் தொட்டுவிட்டால், மற்ற ஒலிகள் எல்லாம் அதற்குக் கீழே, தத்தம் உயரத்தில் இருக்கும். இப்போது ஒரு தயாரிப்பாளர் வந்து, மொத்தப் பாட்டும் இன்னும் உரக்க வேண்டும் என்கிறார். கூரையை உயர்த்த வழியில்லை. ஒரே வழி, உயரமானவர்களின் தலையை அழுத்திக் குனிய வைத்து, அதன்பின் தரையை மேலே தூக்குவது. குனிய வைக்கும் கருவிகளுக்குத்தான் கம்ப்ரெஸர் என்றும் லிமிட்டர் என்றும் பெயர். கம்ப்ரெஸர் மெதுவாக அழுத்தும். லிமிட்டர் ஒரு கோட்டுக்கு மேல் எதையும் விடாது.

இந்தக் கருவிகள் தம்மளவில் தீயவை அல்ல. பாடகர் மைக்கை விட்டு விலகி, மீண்டும் நெருங்கி வரும்போது குரலைச் சீராக்கப் பல பத்தாண்டுகளாக இவைதான் உதவுகின்றன. கம்ப்ரெஸர் தொடாத திரைப்பாடலைக் காண்பது அரிது. ஒலிப்பதிவின் கடைசிக் கட்டமான மாஸ்டரிங்கில், முழுப் பாட்டையும் ஒரே மூச்சில் நசுக்கும்போதுதான் கேடு வருகிறது. நசுக்கியதைப் பிறகு யாராலும் விரித்துத் தர முடியாது. வால்யூமைக் குறைத்தால் அதே தட்டையான பாட்டு சற்று மெல்லக் கேட்கும். வெட்டுப்பட்ட உச்சங்கள் திரும்பி வருவதில்லை. உரத்த ஒலி வேண்டுமானால் கேட்பவர் குமிழைத் திருப்பிக்கொள்ளலாம். ஏற்ற இறக்கத்தைக் கேட்பவரால் உண்டாக்க முடியாது. இந்த ஒரு வேறுபாட்டுக்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

ஏன் உரக்க வேண்டும் என்கிறார்கள்? நம் காதே அதற்குக் காரணம். ஒலி உரக்கும்போது தாழ்ந்த சுருதிகளும் மிக உயர்ந்த சுருதிகளும் நமக்குத் தெளிவாகக் கேட்கத் தொடங்குகின்றன. இதை ஃபிளெட்சர், மன்சன் என்ற இரு ஆய்வாளர்கள் 1933இலேயே அளந்து காட்டினார்கள். ஆகவே ஒரே பாட்டின் இரு வடிவங்களை அடுத்தடுத்துக் கேட்டால், சற்றே உரத்தது செறிவாகவும் தெளிவாகவும் தோன்றும். ஒரு டெசிபல் வேறுபாடுகூடப் போதும். உரக்க இருக்கிறது என்று மனம் சொல்லாது, நன்றாக இருக்கிறது என்றே சொல்லும்.

காசு போட்டால் பாட்டு ஒலிக்கும் பெட்டியான ஜூக்பாக்ஸ் அமெரிக்காவில் பரவியிருந்த காலத்திலேயே இசை நிறுவனங்களுக்கு இது தெரிந்திருந்தது. கடையில் இருந்த பெட்டியின் வால்யூம் மாறாது; ஆகவே எந்தத் தட்டில் ஊசி ஓடும் பள்ளம் அகலமாக அசையும்படி, அதாவது உரக்க, வெட்டப்பட்டதோ அந்தப் பாட்டு எடுப்பாகக் கேட்டது. ஆனால் இசைத்தட்டில் ஓர் இயற்கையான கட்டுப்பாடு இருந்தது. அளவுக்கு மீறி உரக்க வெட்டினால் ஊசி தாவிவிடும். அமெரிக்காவின் டெலார்க் இசை நிறுவனம் 1979இல், ரஷ்ய இசையமைப்பாளர் சாய்காவ்ஸ்கியின் 1812 ஓவர்ச்சர் என்ற இசைக்குழுப் படைப்பை உண்மையான பீரங்கி வெடிகளோடு வெளியிட்டபோது, அந்த வெடிகளின் பள்ளங்கள் வெறும் கண்ணுக்கே தெரிந்தன. பல வீடுகளில் ஊசி தட்டை விட்டுத் துள்ளியது. சிடிக்கு ஊசியும் இல்லை, பள்ளமும் இல்லை. 1990களில் டிஜிட்டல் லிமிட்டர்கள் பரவியபோது, அடுத்தவர் சிடியைவிட என் சிடி உரக்க ஒலிக்க வேண்டும் என்ற போட்டிக்கு எல்லையே இல்லாமல் போயிற்று. ஆங்கிலத்தில் இதை ‘லவுட்னஸ் வார்’ என்கிறார்கள். உரப்புப் போர் எனலாம்.

அந்தப் போரில் எல்லோரும் சுட்டும் நிகழ்ச்சி 2008 செப்டம்பரில் நடந்தது. மெட்டாலிக்கா என்ற அமெரிக்க ராக் குழுவின் ‘டெத் மேக்னெடிக்’ தொகுப்பு வெளிவந்தது. அதே பாடல்கள் ‘கிட்டார் ஹீரோ’ என்ற வீடியோ விளையாட்டுக்கும் தரப்பட்டன. விளையாட்டில் ஒவ்வொரு கருவியும் தனித்தனியே தேவைப்பட்டதால், கடைசிக் கட்ட நசுக்கலுக்கு உட்படாத வடிவம் அங்கே போய்ச் சேர்ந்தது. ரசிகர்கள் இரண்டையும் ஒப்பிட்டார்கள். சிடியில் டிரம்ஸ் கரகரத்தது. விளையாட்டில் அது டிரம்ஸாகவே கேட்டது. மீண்டும் மாஸ்டரிங் செய்யக் கோரிய மனுவில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டார்கள். மாஸ்டரிங் செய்த டெட் ஜென்சனோ, தன்னிடம் வந்து சேரும்போதே பதிவு நசுங்கித்தான் இருந்தது என்று சொன்னார். காசு கொடுத்து வாங்கிய சிடியைவிட விளையாட்டில் வந்த பாட்டு மேலாக இருந்தது. பொது ரசிகர்கள் முதன்முறையாக இந்தச் சிக்கலைக் காதால் உணர்ந்தது அப்போதுதான் என்று நான் நினைக்கிறேன்.

இப்போது நிலைமை ஓரளவு மாறியிருக்கிறது. தொலைக்காட்சியில் நிகழ்ச்சியைவிட விளம்பரம் உரக்க அலறுவதைத் தடுக்க, ஒலியின் சராசரி உரப்பை அளக்கும் பொதுமுறை ஒன்றைப் பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 2006இல் வகுத்தது. ஐரோப்பிய ஒலிபரப்பாளர்கள் 2010இல் அதை ஒட்டித் தங்கள் விதியை அமைத்தார்கள். அந்த அளவையின் அலகு ‘லஃப்ஸ்’. டிஜிட்டல் கூரைக்கு எவ்வளவு கீழே என்று சொல்வதால் அதன் எண்கள் எதிர்மறையாக இருக்கும். ஸ்பாட்டிஃபையும் யூடியூபும் இன்று சுமார் −14 லஃப்ஸ் என்ற அளவை ஒட்டிப் பாடல்களை ஒலிக்கச் செய்கின்றன. ஆப்பிள் மியூசிக்கில் அது −16. நசுக்கி உரக்கச் செய்த பாட்டு அங்கே போனதும் தானாகக் குறைக்கப்படுகிறது. நசுக்கியதன் பலன் போய்விடுகிறது, நசுங்கிய காயம் மட்டும் பாட்டில் தங்கிவிடுகிறது. இந்த வசதியை உங்கள் செயலியின் அமைப்புகளில் முதலில் இயக்கி வையுங்கள். எல்லாப் பாடல்களும் ஏறத்தாழ ஒரே உரப்பில் வரும்போதுதான் எது உயிரோடு இருக்கிறது, எது தட்டையாக இருக்கிறது என்று காது நேர்மையாகத் தீர்ப்புச் சொல்லும்.

சரி, நல்ல பதிவைத் தேடுவது எப்படி?

இதற்கென ஓர் எண் உண்டு. டிஆர் (டைனமிக் ரேஞ்ச் என்பதன் சுருக்கம்) அளவு என்பார்கள். பாட்டின் மிக உரத்த பகுதிகளின் சராசரிக்கும், உச்சத்துக்கும் இடையே எத்தனை டெசிபல் இருக்கிறது என்று அது சொல்கிறது. டிஆர் 14 அல்லது அதற்கு மேல் இருந்தால் தாராளமான பதிவு. 8 முதல் 13 வரை நடுத்தரம். 7 அல்லது அதற்குக் கீழே என்றால் நெரிசல். டெத் மேக்னெடிக் சிடியின் அளவு 3. ஆயிரக்கணக்கான தொகுப்புகளை ரசிகர்களே அளந்து, எந்த ஆண்டு, எந்தப் பதிப்பு என்ற விவரத்தோடு இணையத்தில் ஒரு பெரிய பட்டியலாகச் சேர்த்திருக்கிறார்கள். ‘டைனமிக் ரேஞ்ச் டேட்டாபேஸ்’ என்று தேடினால் கிடைக்கும். ராக், ஜாஸ், பாப் கேட்பவர்களுக்கு அது புதையல்.

ஆனால் அந்த எண்ணைக் கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டாம். இசைத்தட்டிலிருந்து எடுத்த ஒலியை அளந்தால், சிடிக்கும் தட்டுக்கும் ஒரே மாஸ்டர், அதாவது மாஸ்டரிங் முடிந்த ஒரே பதிவு, பயன்பட்டிருந்தாலும்கூட எண் சில புள்ளிகள் கூடித் தெரியும். தட்டும் ஊசியும் அலையின் வடிவத்தை மாற்றி உச்சங்களை நீட்டுவதால் வரும் மயக்கம் அது. இழந்த ஏற்ற இறக்கம் திரும்பி வந்துவிடவில்லை. அதேபோல, எண் குறைவாக இருப்பதாலேயே பதிவு மோசம் என்றும் ஆகாது. தம்புராவை மட்டும் பதிவு செய்து அளந்தால் எண் சிறியதாகவே வரும். ஒரே சீராக ஒலிப்பதுதான் தம்புராவின் அழகு. கனமான கிட்டார்களின் சுவராக எழும் இசையும் அப்படித்தான். ஒரே தொகுப்பின் இரு பதிப்புகளை ஒப்பிடும்போதுதான் இந்த எண் மிகவும் பயன்படுகிறது.

பதிப்பு என்பதை அழுத்திச் சொல்கிறேன். புதியவர்கள் பெரும்பாலும் வழுக்கி விழும் இடம் இது. டயர் ஸ்ட்ரெய்ட்ஸ் என்ற ராக் குழுவின் ‘பிரதர்ஸ் இன் ஆர்ம்ஸ்’ 1985இல் வந்தது. சிடியில் மட்டும் பத்து லட்சம் விற்ற முதல் தொகுப்பு. அதன் முதல் சிடியில் ‘மணி ஃபார் நத்திங்’ பாட்டைக் கேளுங்கள். தூரத்தில் ஒரு குரல், மெல்லிய சின்தசைஸர், பிறகு உருண்டு திரண்டு வரும் டிரம்ஸ், அந்தப் பெருக்கம் வடிந்ததும் தனியாக விழும் கிட்டார். அந்தக் கிட்டார் விழும்போது உடல் ஒரு கணம் நிமிர்கிறது. ஏற்றத்துக்கு முன் இறக்கம் இருந்ததால்தான் அது நடக்கிறது. இத்தகைய தொகுப்புகள் பின்னாளில் மீண்டும் மீண்டும் ரீமாஸ்டர், அதாவது மறு மாஸ்டரிங், செய்யப்படுகின்றன. ரீமாஸ்டர் என்றால் மேம்பட்டது என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். 1990களின் நடுப்பகுதிக்குப் பிறகு, குறிப்பாக 2000களில் வந்த பல ரீமாஸ்டர்கள், முந்தையதைவிட உரத்தவை என்பதே உண்மை. ஆகவே ஒரு பழைய தொகுப்பு வேண்டுமானால், 1980களில் அல்லது 1990களின் தொடக்கத்தில் வந்த சிடியைப் பழைய கடைகளில் தேடுங்கள். ஸ்ட்ரீமிங்கில் ஒரே தொகுப்புக்குப் பல பதிப்புகள் இருந்தால், ரீமாஸ்டர் என்ற ஒட்டு இல்லாததைத் திறந்து பாருங்கள்.

இதற்கு விதிவிலக்கும் உண்டு. தொடக்கக் கால சிடிகளில் சில, மூலநாடா கிடைக்காமல் நகலின் நகலிலிருந்து அவசரமாகச் செய்யப்பட்டவை. வீச்சு இருக்கும், தெளிவு இருக்காது. மூலநாடாவைத் தேடி எடுத்து, நசுக்காமல் பொறுப்போடு செய்த ரீமாஸ்டர்களும் இருக்கின்றன. ஆண்டு ஒரு துப்பு மட்டும்தான்.

24 பிட், ஹை ரெசல்யூஷன் என்ற முத்திரையைப் பற்றியும் சொல்ல வேண்டும். 24 பிட்டின் கொள்ளளவு 144 டெசிபல் என்பது கணக்கில் சரி. ஆனால் நசுக்கிய பாட்டைப் பெரிய பாத்திரத்தில் ஊற்றினால் அது நசுக்கிய பாட்டாகவே இருக்கும். கூடுதல் விலை கொடுக்கும்முன் அதன் டிஆர் அளவைத் தேடிப் பாருங்கள். மறுபுறம், எம்பி3 கோப்பைப் பலர் இதோடு குழப்பிக்கொள்கிறார்கள். எம்பி3 செய்யும் சுருக்கம் கோப்பின் அளவைப் பற்றியது. பாட்டின் ஏற்ற இறக்கத்தை அது தொடுவதில்லை. நல்ல மாஸ்டரிலிருந்து எடுத்த எம்பி3, மோசமான மாஸ்டரின் 24 பிட் கோப்பைவிட எவ்வளவோ மேல்.

ஆப்பிள் மியூசிக்கில் 2021 முதல், ஒலியைக் கேட்பவரைச் சுற்றிப் பரப்பும் டால்பி அட்மாஸ் வடிவமும் கிடைக்கிறது. அட்மாஸில் சராசரி உரப்பு −18 லஃப்ஸைத் தாண்டக்கூடாது என்பது விதி. அந்த விதியாலேயே, ஸ்டீரியோவில் நெரிந்த சில பாடல்கள் அட்மாஸில் மூச்சு விடுகின்றன. கருவிகளின் இடம் மாறியிருக்கும், அது எல்லோருக்கும் பிடிக்காது. ஒருமுறை கேட்டு முடிவு செய்யலாம்.

மேற்கத்தியச் செவ்வியல் இசை இந்தப் போரிலிருந்து பெரும்பாலும் தப்பியது. மேலே சொன்ன டெலார்க், ஸ்வீடனின் பிஸ் போன்ற நிறுவனங்கள் இசைக்குழு வாசித்த ஏற்ற இறக்கத்தை அப்படியே தருவதைப் பெருமையாகக் கொண்டவை. பிஸ் நிறுவனம் தன் பழைய சிடிகள் சிலவற்றின் உறையில், ஸ்பீக்கர் கவனம் என்று எச்சரிக்கையே அச்சிட்டது.

தமிழ்ப் பாடல்களும் கர்நாடக இசையும் அந்தப் பெரிய பட்டியலில் அரிதாகவே இருக்கின்றன. ஆகவே நாமே அளக்க வேண்டும். அது கடினமில்லை. சிடியைக் கணினியில் எடுத்து, ‘ஃபூபார்2000’ என்ற, பாட்டை இயக்கும் இலவச மென்பொருளில் டிஆர் அளவுமானியைச் சேர்த்தால் சில நொடிகளில் எண் வந்துவிடும். ‘ஆடாசிட்டி’ என்ற இலவச மென்பொருளில் பாட்டைத் திறந்தால் அதன் அலைவடிவத்தைப் பார்க்கலாம். நல்ல பதிவு கோயில் கோபுரங்களை வரிசையாக வைத்தது போல உச்சமும் சரிவுமாகத் தெரியும். நசுங்கிய பதிவு தொடக்கம் முதல் முடிவு வரை சோப்புக் கட்டி போல மேலும் கீழும் நேர்க்கோட்டில் வெட்டுப்பட்டிருக்கும். பழைய கச்சேரிப் பதிவுகளில் இன்னொன்றையும் கவனியுங்கள்: இரைச்சலை நீக்கும் மென்பொருளை அளவுக்கு மீறிப் பயன்படுத்தினால், இரைச்சலோடு தம்புராவும் கார்வைகளின் நுனியும் சேர்ந்தே போய்விடும். சற்று இரைச்சல் உள்ள பழைய பதிப்பு கிடைத்தால் நான் அதைத்தான் தேர்வு செய்வேன்.

எந்தக் கருவியும் இல்லாமல் காதாலேயே சோதிக்கலாம். இரு பதிப்புகளை எடுத்துக்கொள்ளுங்கள். பாடகரின் குரல் இரண்டிலும் ஒரே உரப்பில் கேட்கும்வரை, உரத்ததன் வால்யூமைக் குறையுங்கள். இந்தச் சமன்பாடு இல்லாமல் செய்யும் ஒப்பீடு வீண், உரத்ததே வெல்லும். பிறகு குரலை விட்டுவிட்டுத் தாளக்கருவியைக் கேளுங்கள். அடி முன்னே வந்து விழுகிறதா, குரலுக்குள் புதைந்து கிடக்கிறதா? ஒவ்வோர் அடிக்கும் குரல் ஒரு துளி அமுங்கி எழுகிறதா? அரை மணி நேரம் கேட்டபின் காது களைக்கிறதா? இந்தக் கடைசிக் கேள்விக்குக் கிடைக்கும் பதிலை எந்த எண்ணைவிடவும் நான் நம்புகிறேன்.

பஸ்ஸிலும் காரிலும் கேட்பவர்களுக்கு வேறு நியாயம் உண்டு. எஞ்சின் இரைச்சலில் மெல்லிய பகுதிகள் மூழ்கிவிடும். அங்கே ஓரளவு அழுத்திய ஒலிதான் வசதி. அதற்குப் பல கருவிகளிலும் செயலிகளிலும் இரவு முறை என்ற பெயரிலோ வேறு பெயரிலோ ஒரு வசதி இருக்கிறது. கேட்பவர் தேவைக்கேற்பப் பயன்படுத்திக்கொள்ளலாம், வீட்டுக்கு வந்ததும் அணைத்துவிடலாம்.

உங்கள் முதல் சோதனைக்குப் பிரெஞ்சு இசையமைப்பாளர் ராவெலின் ‘பொலேரோ’வைப் பரிந்துரைக்கிறேன். 1928இல் பாரிஸில் அரங்கேறிய இசை. சுமார் கால் மணி நேரம். ஒரு சிறு பறையும் ஒரு புல்லாங்குழலும் கிசுகிசுப்பாகத் தொடங்க, ஒரே தாளத்தின் மேல் கருவிகள் ஒவ்வொன்றாகச் சேர்ந்து, முடிவில் முழு இசைக்குழுவும் முழங்கும். இரவு ஒன்பது மணிக்குமேல், தெரு அடங்கியபின், மின்விசிறியை அணைத்துவிட்டு உட்காருங்கள். ஒரு எச்சரிக்கை: தொடக்கம் கேட்கவில்லையே என்று வால்யூமை ஏற்றிவிடாதீர்கள். முதலில் கடைசி ஒரு நிமிடத்தை ஓடவிட்டு, அது உரக்க ஆனால் இதமாக இருக்கும் இடத்தில் குமிழை நிறுத்துங்கள். பிறகு முதலிலிருந்து தொடங்குங்கள். நல்ல பதிவாக இருந்தால், அந்தப் பறை எங்கிருந்து வருகிறது என்று முதல் நிமிடத்தில் நீங்கள் சற்று முன்னால் குனிந்துதான் கேட்பீர்கள்.